ஒன்றரை வயதுக் குழந்தைக்கு என்ன தொழில்?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், மும்பையின் பொது மருத்துவமனை ஒன்றில் ஆய்வுக்காகச் சில வாரங்கள் அமர்ந்திருந்தேன். மருத்துவம் செய்பவரும் அதைப் பெறுபவரும் ஒரே மொழியைப் பேசாத இடங்களில் உரையாடல் எவ்வாறு நிகழ்கிறது என்பது என் ஆய்வுப் பொருள். ஒரு நாள் காலை தாராவியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ளத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆச்சி, அவருடைய மருமகள், மருமகளின் இடுப்பில் ஒன்றரை வயது ஆண் குழந்தை, கூடவே பள்ளிக்கு விடுப்பெடுத்த எட்டு வயது அண்ணன். கதவின் மேலிருந்த மராத்திப் பலகையைச் சிறுவன் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான்: "வ்யவசாயோபசார்."

ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "விவசாயமா?"

"இல்லை ஆச்சி, தொழில்வழிச் சிகிச்சை" என்றேன்.

"ஒண்ணரை வயசுப் பிள்ளைக்கு என்னம்மா தொழில் சொல்லிக் குடுக்கப் போறாவ?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அன்றிரவு முழுதும் என்னை விடவில்லை. ஆக்குபேஷனல் தெரபி என்னும் துறை இந்தியாவில் ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வந்த கேள்வியை ஆச்சி ஒரே தொடரில் கேட்டுவிட்டார். அதற்கான விடையைத் தேடியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வடமொழியில் 'வ்யவசாய' என்பது முயற்சி, மன உறுதி என்னும் பொருள்களைத் தருவது. மராத்தியிலும் இந்தியிலும் அது பிழைப்புக்கான தொழிலாயிற்று. மலையாளத்தில் ஆலைத் தொழிலைக் குறிக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் வேளாண்மை. தமிழில் 'விவசாயம்' என்று உருமாறி, அதே வேளாண்மை. எனவே ஆச்சி பிழையாகக் கேட்கவில்லை. தம் மொழியில் சரியாகவே கேட்டார். ஆங்கிலச் சொல்லும் இதைப் போன்றதே. 'ஆக்குபேஷன்' என்பதன் இலத்தீன் வேருக்குக் கைப்பற்றுதல், ஓரிடத்தை நிறைத்தல் என்பன பொருள். மனத்தையும் நேரத்தையும் எது நிறைக்கிறதோ அது ஆக்குபேஷன். பிழைப்பு என்னும் பொருள் அதன் ஒரு கிளை மட்டுமே. ஆயினும் துறையின் வரலாற்றில் நெடுங்காலம் அந்தக் கிளையே மரத்தை மறைத்து நின்றது.

அதற்குக் காரணம் உண்டு. 1917-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் இத்துறைக்கான முதல் தேசியச் சங்கம் தோன்றியது. மனநல விடுதிகளில் கைவினை வேலைகளைச் சிகிச்சையாகப் பயன்படுத்தியவர்கள் அதை நிறுவினார்கள். அதே ஆண்டில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கையிழந்தும் காலிழந்தும் திரும்பிய போர்வீரர்களை மீண்டும் உழைக்கத் தகுந்தவர்களாக ஆக்குவது துறையின் அவசரக் கடமையாயிற்று. இவ்வாறு, வளர்ந்த ஆணின் உழைக்கும் கை அதன் முதல் இலக்கணமாக அமைந்தது.

இந்தியாவுக்கு இத்துறையைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டி என்னும் பெயருடன் பிறந்தவர். விஷ்ணு நிம்ப்கரை மணந்து இந்தியாவைத் தம் நாடாக்கிக்கொண்டார். பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் ஆக்குபேஷனல் தெரபி பயின்று திரும்பி, 1950-இல் பம்பாய் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்துறையின் முதல் பள்ளியாக அது கருதப்படுகிறது. 1952-இல் அகில இந்தியச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது, அதன் நிறுவன உறுப்பு நாடுகள் பத்தில் இந்தியாவும் ஒன்று. 1955 முதல் துறைக்கென ஓர் ஆய்விதழும் வெளிவந்தது. விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகளில் இந்தியா ஓர் உலக அமைப்பின் நிறுவனராக இருந்தது என்பதை இன்று இத்துறையின் மாணவர்களே பலர் அறியார்.

பரேல் அன்று பஞ்சாலைகளின் நெஞ்சுப்பகுதியாக இருந்தது. அங்கே 'தொழில்' என்றால் என்ன என்பதில் யாருக்கும் ஐயம் எழ வாய்ப்பில்லை. ஆயினும் அக்காலத்தில் தெரபி அறைகளுக்கு வந்தவர்களில் ஒரு பெரும் பகுதியினர் எந்தத் தொழிலும் செய்யாதவர்கள். போலியோ தாக்கிய சிறுவர் சிறுமியர். இதற்குச் சற்று முன்பே, 1947-இல், பம்பாயில் ஃபாத்திமா இஸ்மாயில் போலியோ பாதித்த குழந்தைகளுக்காக ஒரு சிகிச்சையகத்தைத் தொடங்கியிருந்தார். தம் மகளுக்குப் போலியோ வந்தபோது தாம் அலைந்த அலைச்சலிலிருந்து பிறந்த முயற்சி அது. போலியோ குழந்தைகள் துறைக்கு ஒன்றைக் கற்பித்தார்கள். போர்வீரனுக்கு இழந்ததை மீட்டுத் தர வேண்டும். குழந்தைக்கு மீட்பதற்கு ஒன்றுமில்லை. அது இன்னும் பெறவேயில்லை. பழைய வாழ்க்கைக்குத் திரும்புதல் என்னும் இலக்கு இங்கே பொருளற்றுப் போகிறது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை ஒரு முன்னொட்டால் சொல்வார்கள்: 'ரீஹாபிலிடேஷன்' அன்று, 'ஹாபிலிடேஷன்'. மீட்டெடுத்தல் அன்று, முதன்முதலாக ஆக்கிக்கொள்ளுதல்.

மூளைவாதம் உள்ள குழந்தைகள் இந்தப் பாடத்தை இன்னும் ஆழமாகக் கற்பித்தார்கள். 1972-இல் பம்பாயில் மிது ஆலூர் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியை நிறுவினார். மூளைவாதம் உள்ள மகளின் தாய் அவர். கல்வியும் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் அடிப்படை. 1985-இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பு இன்று வித்யாசாகர் என்னும் பெயரால் அறியப்படுகிறது; அவரும் மாற்றுத்திறன் கொண்ட மகனின் தாய். இந்த வரிசையைக் கவனியுங்கள். இந்தியாவில் சிறு குழந்தைகளுக்கான சிகிச்சை வரலாற்றில் அரசாணைகளுக்கு முன்னரே தாய்மார்கள் வந்து நிற்கிறார்கள். இதை நாம் பெருமையாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். கட்டுரையின் இறுதியில் இதற்குத் திரும்பி வருவேன். பெருமைக்கு அடியில் ஒரு கடனும் இருக்கிறது.

தாய்மார்கள் இடங்களை உருவாக்கினார்கள். அடுத்த சிக்கல், குழந்தை எங்கே நிற்கிறது என்று அறிவது எப்படி என்பது. எட்டு மாதத்தில் உட்காராத குழந்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா, பொறுத்திருக்கலாமா? மேலைநாட்டு அளவுகோல்கள் மேலைநாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உருவானவை. கரண்டியால் உண்ணும் வயது என்ன என்று கேட்கும் அட்டவணை, சோற்றைப் பிசைந்து கையால் உண்ணும் வீட்டில் எதை அளக்கும்? பாயில் சம்மணமிட்டு அமர்தல், குந்துதல், பாட்டியின் நீட்டிய கால்களின் மேல் படுத்துக் குளித்தல் ஆகியவை அந்த அட்டவணைகளில் எங்கே இருக்கின்றன?

இதற்கான விடைகள் மூன்று ஊர்களில் எழுதப்பட்டன. பரோடாவில் பிரமிளா பாட்டக் பெய்லி அளவுகோலை இந்தியக் குழந்தைகளிடம் சோதித்து, அவர்களுக்குரிய வயது வரையறைகளைக் கண்டார். பிறப்பு முதல் முப்பது மாதம் வரைக்குமான அந்த அளவுகோலில் இயக்கம் சார்ந்த உருப்படிகள் 67, மனவளர்ச்சி சார்ந்தவை 163. திருவனந்தபுரத்தில், 1987-இல் எம்.கே.சி. நாயர் முன்னின்று தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம், இந்தப் பரோடா வரையறைகளிலிருந்து பதினேழே உருப்படிகளைத் தேர்ந்து ஒற்றைத் தாளில் ஓர் அட்டவணை செய்தது. குழந்தையின் வயதில் ஒரு செங்குத்துக் கோடு வரைய வேண்டும். கோட்டுக்கு இடப்புறம் முழுதாக அமைந்த உருப்படியைக் குழந்தை செய்யவில்லையென்றால் மேல்சோதனைக்கு அனுப்ப வேண்டும். கருவிப்பெட்டி எதுவும் தேவையில்லை. ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும் போதும். அங்கன்வாடிப் பணியாளர் ஐந்தாறு நிமிடங்களில் செய்துவிடலாம். இந்திய மருத்துவ வரலாற்றில் எக்ஸ்ரே இயந்திரங்களுக்குக் கிடைக்கும் இடம் இந்தச் சாவிக்கொத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது ஊர் சென்னை. ப. ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய 'மதராஸ் வளர்ச்சித் திட்ட முறை' பதினெட்டுத் துறைகளில், துறைக்கு இருபதாக, 360 உருப்படிகளைக் கொண்டது. பின்னர் மதுரம் நாராயணன் மையத்தின் வழியாகப் பரவிய 'உபநயன்' பிறப்பு முதல் இரண்டு வயது வரைக்கும் உரிய 250 செயல்களை ஐந்து பிரிவுகளில் வகுத்தது. அருகே அழைத்துச் செல்லுதல் என்பது அந்தச் சொல்லின் வேர்ப்பொருள்.

இங்கேதான் மொழியியல் பயின்றவளாகிய எனக்கு ஆச்சியின் கேள்விக்கு விடை கிடைத்தது. சென்னை முறையின் உருப்படிகள் நேர்மறைத் தொடர்களால் ஆனவை. குழந்தையால் எது முடியவில்லை என்று அவை கேட்பதில்லை. எதைச் செய்கிறது, அடுத்து எதைச் செய்யும் என்று எளியதிலிருந்து அரியதை நோக்கி வரிசைப்படுத்துகின்றன. அந்த வரிசைகளைத் தமிழாக்கிப் பாருங்கள். தலை நிமிர்த்தல். புரளல். பற்றுதல். உட்காருதல். உண்ணல். உடுத்தல். ஆடல். இவை எல்லாவற்றுக்கும் தமிழ் இலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு. தொல்காப்பியர் காலம் முதல் நாம் வழங்கிவரும் பெயர்: தொழிற்பெயர்.

பிழைப்பு என்னும் பொருள் 'தொழில்' என்னும் சொல்லின் மேல் படர்வதற்கு முன்பே இலக்கணிகள் அதைச் செயல் என்னும் பொருளில் ஆண்டார்கள். உண்ணுதல் ஒரு தொழில், ஆடுதல் ஒரு தொழில். அந்தப் பொருளில் ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தொழில் இல்லாமலில்லை. அதன் நாள் முழுவதும் தொழில்தான். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் விளக்கவுரை தேவைப்படும் ஒரு கருத்தைத் தமிழ் தன் இலக்கணக் கலைச்சொல்லிலேயே வைத்திருக்கிறது. 'தொழில்வழிச் சிகிச்சை' என்னும் பெயரைப் பிழையான மொழிபெயர்ப்பு என்று கருதி 'செயல்முறை' என்றெல்லாம் மாற்ற முயன்றவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். இப்போது அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டேன்.

இலக்கணம் இன்னொன்றையும் காட்டியது. அந்த அறையில் அமர்ந்திருந்த வாரங்களில் தமிழ்த் தாய்மார் சொன்ன தொடர்களைக் குறித்துவந்தேன். "உக்கார மாட்டேங்கான்", "வலது கையை நீட்ட மாட்டேங்கா", "சோத்தை முழுங்க மாட்டேங்கான்". கதவு திறக்க மாட்டேங்குது என்றும் நாம் சொல்கிறோம். கதவுக்கு மனம் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆயினும் 'மாட்டேன் என்கிறான்' என்னும் அமைப்பு, குழந்தையின் வாயில் ஒரு மறுப்பை வைத்துவிடுகிறது. இயலாமை பிடிவாதமாகத் தோன்றத் தொடங்குகிறது. பிடிவாதத்துக்கு அதட்டல் மருந்தாகிறது. அந்த அறையில் பணிபுரிந்த தெரபிஸ்ட், தமிழ் அறிந்தவர், ஒவ்வொரு முறையும் அதே தொடரைச் சற்றே மாற்றித் திருப்பிச் சொல்வார்: "இன்னும் உட்காரலை, இல்லையா?" கண்டிப்பில்லை, திருத்தமில்லை. ஒரு 'இன்னும்' மட்டும். குற்றம் குழந்தையிடமிருந்து நீங்கிக் காலத்தின் மேல் ஏறுகிறது. மூன்றாவது நான்காவது வருகையில் தாய்மாரே 'இன்னும்' என்று சொல்லத் தொடங்குவதை என் குறிப்பேட்டில் பலமுறை பதிந்திருக்கிறேன்.

இதே சிக்கலை அரசின் மொழியிலும் காணலாம். 1975-இல் முப்பத்து மூன்று வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் சிறு குழந்தைகள் அனைவரையும் எண்ணத்தில் கொண்டது. ஆனால் நடைமுறையில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் அங்கன்வாடிகளுக்கு வெளியே நின்றார்கள் என்பதைப் பின்னாளில் மிது ஆலூர் தம் முனைவர் பட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார்; அவர்களைக் கண்ணுக்குத் தெரியாத குழந்தைகள் என்றார். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு நிலைகளைப் பெயரிட்டது. ஆட்டிசம் அவற்றில் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை இருபத்தொன்றாக விரித்தது. பெயர் வந்த பிறகே உரிமை வருகிறது. எனவே இந்த விரிவு பெரிய வெற்றி. ஆனால் இருபத்தொன்றும் நிலைப்பெயர்கள். 'வளர்ச்சித் தாமதம்' என்பது அவற்றுள் தனிப்பெயராக இல்லை. ஒன்றரை வயதில் ஒரு குழந்தைக்குப் பெரும்பாலும் சொல்லக்கூடியதோ அந்த ஒன்றுதான். உறுதியான பெயர் வர மூன்று வயதோ நான்கு வயதோ ஆகலாம். மூளை மிக விரைவாகத் தன்னை இணைத்துக்கொள்ளும் ஆண்டுகள், பெயருக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளாகக் கழிந்துவிடுகின்றன.

2013 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் இந்த இடைவெளியை ஓரளவு அறிந்திருந்தது. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய் ஆகிய மூன்றோடு வளர்ச்சித் தாமதத்தையும் நான்காவதாக வைத்தது. மாவட்டந்தோறும் ஆரம்பநிலைத் தலையீட்டு மையம் என்னும் அமைப்பை முன்வைத்தது. தேவை எவ்வளவு பெரியது என்பது ஐந்தாண்டுகள் கழித்துத் தெளிவாயிற்று. 2018-இல் வெளிவந்த, நாட்டின் ஐந்து பகுதிகளில் நடந்த ஆய்வொன்று, இரண்டு முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த சிக்கல் ஒன்றாவது இருப்பதாகக் கண்டது. இதனை எதிர்கொள்ள வேண்டிய தெரபிஸ்டுகளின் தொழிலுக்கே தேசிய அளவிலான சட்ட ஒழுங்கு 2021-இல்தான் வந்தது. கே.இ.எம். பள்ளி தொடங்கி எழுபத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு!

இனி, நான் முன்பு சொன்ன கடன். சிறு குழந்தைக்கான சிகிச்சையின் பெரும் பகுதி மருத்துவமனையில் நடப்பதன்று. வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் தெரபிஸ்ட் செய்வது வழிகாட்டல். மீதமுள்ள நாள்களில் குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது, உடை மாற்றும்போது அதைச் செய்பவள் தாய். உபநயன் போன்ற முறைகளின் வலிமையே வீட்டைச் சிகிச்சைக் களமாக்கியதில்தான் இருக்கிறது. அதன் விலையும் அங்கேயே இருக்கிறது. அன்று அந்த மருமகளிடம் படிவத்துக்காகத் 'தொழில்' என்னவென்று கேட்டார்கள். "டெய்லரிங் யூனிட்ல இருந்தேன், இவனுக்காக நின்னுட்டேன்" என்றார். எழுதுபவர் 'இல்லை' என்று எழுதினார். குழந்தையின் தொழில் வளரத் தாயின் தொழில் நின்றுபோகிறது. அவள் இப்போது செய்யும் வேலைக்கு எந்தப் படிவத்திலும் பெயரில்லை. முன்னோடித் தாய்மாரைப் போற்றும் நம் வரலாறு, நிறுவனம் தொடங்காத இலட்சக்கணக்கான தாய்மாரின் ஊதியமற்ற நேரத்தின் மேல் நிற்கிறது. பணியாளர் வீடு தேடிச் செல்லும் முறைகளும் நம்மிடையே உண்டு. தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் கிராமப் பணியாளர்கள் வழியாக அதைச் செய்கிறது. ஆச்சியின் சொந்த மண் அது. அவை விதிவிலக்காக இருக்கும் வரை இந்தக் கடன் வளர்ந்துகொண்டேயிருக்கும்.

அன்று காலை என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரபிஸ்ட் பாயில் அமர்ந்தார். குழந்தையைத் தம் தொடையின் மேல் குறுக்காகக் கவிழ்த்து, இரு கைகளும் தரையில் ஊன்றும்படி வைத்தார். அவனுடைய இடது கை எப்போதும் முட்டியாக மூடியே இருந்தது. முன்னால் ஓர் எவர்சில்வர் டம்ளரை உருட்டிவிட்டார். வலது கை உடனே பாய்ந்தது. இரண்டாம் முறை டம்ளரை இடப்புறம் உருட்டினார். வலது கை ஊன்றியிருந்ததால், இடது கைதான் போக வேண்டும். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்பு முட்டி சிறிது தளர்ந்து, இரண்டு விரல்கள் டம்ளரின் விளிம்பைத் தொட்டன.

"ஆச்சி, இதுதான் அவன் தொழில்" என்றேன்.

ஆச்சி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது வெளாட்டுல்லா?" என்றார். பிறகு அவரே தரையில் கால்களை நீட்டி அமர்ந்து, "இங்க குடுங்க, நான் போட்டுக்கிடுதேன். குளிப்பாட்டுற மாதிரிதான?" என்று கைகளை நீட்டினார். தெரபிஸ்ட் குழந்தையை அந்தக் கால்களின் மேல் கிடத்தினார். பயிற்சி நூல்களில் படம் போட்டு விளக்கும் நிலைக்கு மிக அருகில் இருந்தது அது.

இத்துறையில் பணிபுரியும் நண்பர்களும், குழந்தையோடு இத்தகைய அறைகளில் காத்திருந்தவர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் ஊரில் இந்தச் சிகிச்சையை மக்கள் என்ன சொல்லால் வழங்குகிறார்கள் என்று எழுதுங்கள். அகராதிச் சொல் வேண்டாம். ஆச்சிமார் சொல்லும் சொல் வேண்டும்.